பக்கம் நாற்பத்துநான்கு

ஏப்ரல் 8, 2024, திங்கள்

இன்று முழுச் சூரிய கிரகணம். இந்த ஒஹாயோ மாநிலத்துக் குட்டி ஊருக்கு நேர் மேலே மூன்று நிமிடம் இருட்டு. ஊரே மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டு வாசல் புல்வெளிக்குப் போனது. நான் பூவரசியை மடியில் போட்டுக்கொண்டு, திரையை இழுத்துவிட்டு, வீட்டுக்குள் இருந்தேன். எம்.ஃபில். வரை படித்தவள், கிரகணம் என்றால் என்னவென்று தெரியும். ஆனால் அம்மா கோவில்பட்டியிலிருந்து காலையிலேயே கூப்பிட்டு, "புள்ளையத் தூக்கிக்கிட்டு வெளிய கிளிய போயிராத தாயி, அங்க உனக்கு யாரு சொல்லப்போறா" என்றாள். ஒன்பது மாதக் குழந்தை இன்னும் தவழவில்லை. எடை ஏறவில்லை. இந்த நிலைமையில் சூரியனோடு எனக்கு என்ன வம்பு.

வெளிச்சம் வந்த பிறகு வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். கோர்ட்டு வாசலில் ஜோசையா டி. கோல்வின் வெண்கலத்தில் நிற்கிறார். 1811–1871. மாநிலச் சட்டமன்றத்தில் எட்டு ஆண்டு, வாஷிங்டன் காங்கிரசில் இரண்டு ஆண்டு. ஊரின் பெயரே கோல்வின்தான். எங்கள் கல்லூரித் துறை அலமாரியில், மழையில் நனைந்து வீங்கிய நன்கொடைப் புத்தகங்களுக்கு நடுவில் இவருடைய சட்டமன்ற உரைத் தொகுதி ஒன்று கிடந்தது. யாருமே தொடாததால் நான் தொட்டேன். ஆங்கிலத்தில் நான் எழுதிய எம்.ஃபில். ஆய்வேடு இவரைப் பற்றித்தான்.

இந்த ஊரில் வீடு பிடித்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வாடகை குறைவு. காற்று நன்றாக இருக்கிறது. என் கணவர் கதிரேசனுக்கு ஆபீஸ் போக ஒரு மணி பத்து நிமிடம் ஆகிறது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 11, வியாழன்

ஊர் வரலாற்றுச் சங்கத்தில் வாரம் மூன்று நாள் போய் உட்காருகிறேன். என் விசாவில் சம்பள வேலை கூடாது; இது சம்பளமில்லாத வேலை. கோல்வின் குடும்பக் கடிதங்கள் நாற்பத்தெட்டு, இரண்டு அட்டைப்பெட்டிகளில் இருக்கின்றன. பழைய கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்யவேண்டும். பூவு பக்கத்தில் வண்டியில் கிடப்பாள்.

சங்கத்தின் செயலாளர் லொரேன். காலையிலும் மாலையிலும் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள், நடுவில் சரித்திரம். அவள் பேசுவதைத் தமிழில் எழுதும்போது ஏனோ எங்கள் ஊர்க்காரி மாதிரியே ஆகிவிடுகிறாள்.

"ஜூன் எட்டாம் தேதி ஊருக்கு நூத்தியெழுபத்தஞ்சு வயசு. பேச ஆள் வேணும். இந்த மனுசனைப் பத்தி உலகத்துல யாராவது புஸ்தகம் எழுதியிருக்காங்களா?"

"ஒருத்தர் இருக்கார். இந்தியாவில்" என்றேன்.

கேட்டாள், சொன்னேன். அவ்வளவுதான்.

ஏப்ரல் 12, வெள்ளி

பேராசிரியர் நாகரத்தினத்தின் புத்தகத்தை லொரேன் மேசையில் வைத்துவிட்டு வந்தேன், பின்னட்டைப் போட்டோ மேலே தெரியும்படி. மே மாதம் அவர் தன் மகன் வீட்டுக்கு வருகிறார் என்பதையும், அந்த வீடு இங்கிருந்து இரண்டு மணி நேரம்தான் என்பதையும் பேச்சுவாக்கில் சொன்னேன். இதெல்லாம் ஜெபக்கனி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜெபக்கனி என்னோடு படித்தவள். இன்னும் அதே கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர்.

ஏப்ரல் 16, செவ்வாய்

அழைப்பை ஏற்றுக்கொண்டுவிட்டார். லொரேன் துள்ளுகிறாள்.

எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நெஞ்சிலேயே கிடக்கும். 2016இல் என் ஆய்வேட்டில் அவர் வழிகாட்டியாகக் கையெழுத்துப் போட்டார். நீல ரெக்சின் அட்டை. அடுத்த வருடம் பிஎச்.டி.க்கு அவர் கையெழுத்துக்காகப் போய் நின்றேன். "வீட்ல மாப்ள பாக்காங்களாமே? இன்னைக்கோ நாளைக்கோ போற புள்ளைக்கு எதுக்கும்மா சீட்டு?" என்றார். 2019இல் புத்தகம் வந்தது. ஆசிரியர், முனைவர் நாகரத்தினம். உள்ளே நூற்றிநாற்பது பக்கம் நான் எழுதியது, நான் போட்ட தலைப்புகளோடு. நன்றியுரையில் கல்லூரிச் செயலர், அவர் மனைவி, தட்டச்சு செய்த ராஜாமணி எல்லோரும் இருந்தார்கள். நான் இல்லை.

அவர் அறைக்குப் போய்க் கேட்டேன். சிரித்தார். "நீ என் மாணவிம்மா. ஆத்துல வந்து கலந்த வாய்க்கால் தனியாப் பேரு கேக்கலாமா?"

ராஜாமணிக்கு மட்டும் பேர் உண்டு, சார். வாய்க்காலுக்குத்தான் கிடையாது.

ஏப்ரல் 23, செவ்வாய்

கோல்வின் இப்போதுதான் எனக்குப் பிடிபடுகிறார். ஆய்வேட்டில் அவரை லட்சியவாதி என்று எழுதியிருந்தேன். கடிதங்களில் இருப்பவர் வேறு ஆள்.

தோல் பதனிடும் இடத்தில் கூலி வேலை. பத்தொன்பது வயதில், இங்கிருந்து பதினொரு மைலில் இருக்கும் பழைய ஊரில், ஸ்டிக்னி என்ற மில் முதலாளி தன் குதிரைச் சேணத்தை இவர் திருடிவிட்டதாகச் சொன்னான். கோர்ட்டுக்குக் கீழே நிலவறையில் ஆறு வாரம் அடைத்து வைத்தார்கள். பிறகு சேணம் ஸ்டிக்னியின் கொட்டகையிலேயே கிடைத்தது. "கிடைத்துவிட்டது, பையனை விட்டுவிடுங்கள்" என்று ஆள் அனுப்பினானாம். மன்னிப்பு இல்லை.

பையன் சட்டம் படித்தான். முப்பத்திரண்டு வயதில் சட்டமன்றம் போனான். போன முதல் கூட்டத்திலேயே ஒரு மசோதா: மாவட்டத் தலைநகரைப் பழைய ஊரிலிருந்து மாற்றவேண்டும். தோற்றது. மறுபடி கொண்டுவந்தான், தோற்றது. மூன்றாம் தடவையும் அப்படித்தான். 1849இல் ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தது. கோர்ட்டு, கருவூலம், சிறைச்சாலை எல்லாம் ஒரு சோளக்காட்டுக்குப் பெயர்ந்து வந்தன. அந்தச் சோளக்காடுதான் நான் இருக்கும் ஊர்.

எனக்கு இது புரியும். எங்கள் பக்கம் புது மாவட்டம் பிரித்தபோது கலெக்டர் ஆபீஸ் எந்த ஊருக்கு என்று மூன்று நாள் கடையடைப்பு நடந்தது. ஆபீஸ் போனால் பஸ் போகும், ஓட்டல் போகும், ஜெராக்ஸ் கடை போகும்.

ஓட்டெடுப்பு நடந்த அன்று தன் அக்காளுக்கு எழுதியிருக்கிறார்: "ஸ்டிக்னி வீட்டுச் சன்னலிலிருந்து கோர்ட்டு மணிக்கூண்டு தெரியும். செவ்வாய்க்கிழமை மணியை இறக்குகிறார்கள்."

மூன்று தடவை படித்தேன். சாப்பிட்டது போல இருந்தது.

ஏப்ரல் 24, புதன்

எடை ஏழு கிலோ நூறு. டாக்டர் பரவாயில்லை என்கிறார். எனக்குப் பரவாயிருக்கிறது.

மே 2, வியாழன்

முப்பத்தொன்றாம் கடிதம்.

1850இல் கோல்வினின் அம்மா மகனுக்கு எழுதியது. பெயர் ஹன்னா டன்ஹாம். "உன்னை நான் சுமந்துகொண்டிருந்தபோதே உன் அப்பன் ஈத்தன் படகேறிப் போய்விட்டான். அவன் பெயரைக் கடைசியிலும் என் குடும்பப் பெயரை நடுவிலும் வைத்தேன், நடுவில் இருப்பதாவது உன்னோடு இருக்கட்டும் என்று."

ஜோசையா டன்ஹாம் கோல்வின். அதுதான் அந்த 'டி.'

என் ஆய்வேட்டில் நான் என்ன எழுதியிருந்தேன்? 'டி.' என்றால் டேனியல். கோல்வினின் தந்தை டேனியல் கோல்வின். நான் வே. செண்பகவல்லி, வே. என்றால் வேலுச்சாமி, தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப் பார்க்கும் என் அப்பா. இனிஷியல் என்றால் அப்பா பெயர், அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அந்தக் காலத்தில் டேனியல் கோல்வின் என்று ஒருவர் இந்தப் பக்கம் இருந்தார், ஏதோ ஒரு பட்டியலில் பார்த்தேன். பிடித்துக்கொண்டேன். 'தந்தையின் நிழல்' என்று ஒரு முழு அத்தியாயம். ஓடிப்போன தகப்பனுக்குப் பதிலாக யோக்கியமான ஒரு தகப்பனைச் செய்து கொடுத்திருக்கிறேன்.

எங்கள் ஊர்க்காரர் எவரும் இந்தத் தப்பைக் கண்டுபிடிக்கமாட்டார். நாகரத்தினம் சாரும் இனிஷியல் போட்டவர்தானே. அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்தக் கடிதத்தில் மேலும் இருக்கிறது. "ஸ்டிக்னியைத் தண்டிப்பதாக நினைத்து என் தெருவைக் காலி செய்துவிட்டாய். வைத்தியர் போனார். ரொட்டிக் கடைக்காரன் போனான். ஸ்டிக்னி போகவில்லை, நானும் போகவில்லை. இப்போது எனக்கு அவன்தான் விறகு வெட்டித் தருகிறான்."

இந்தப் பகுதி எனக்குத் தேவையில்லை. பென்சிலில் நகல் எடுத்து, வழக்கம்போல மேலே தேதி போட்டு வைத்தேன்.

மே 5, ஞாயிறு

முப்பத்தொன்றை இன்னும் தட்டச்சு செய்யவில்லை. பூவுக்குச் சளி. நேரமில்லை.

மே 9, வியாழன்

நாகரத்தினம் சாரிடமிருந்து லொரேனுக்குக் கடிதம் வந்திருக்கிறது. புதிதாக ஏதேனும் ஆவணம் கிடைத்திருந்தால் அனுப்பும்படி கேட்டிருக்கிறார். "ஸ்கேன் பண்ணின எல்லாத்தையும் நீயே அனுப்பிரு" என்றாள் லொரேன். அனுப்பினேன். நாற்பத்தேழு.

ஜெபக்கனியைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, உங்க சாரு கோட்டு தைக்கக் குடுத்திருக்காராம். காலேஜ் வாசல்ல பிளெக்ஸ் வச்சாச்சு. 'அமெரிக்க மண்ணில் நம் பேராசிரியர்'னு. கொடி மட்டும் நம்ம கொடி, அவரு பின்னால பறக்குது."

"போட்டோ எடுத்து அனுப்புடி."

"எதுக்குட்டி? அதைப் பாத்து வயிறெரியவா?"

"சும்மாதான்."

"உன் 'சும்மாதான்' எனக்குத் தெரியாதாக்கும். என்ன செய்யப்போற?"

"ஒண்ணும் செய்யப்போறதில்ல. அவரு பேசப்போறாரு. நான் கேக்கப்போறேன்."

"எனக்கு அங்க வேலை இருக்குட்டி, என் பேரைச் சொல்லிறாத" என்றாள். சொல்லமாட்டேன் என்றேன். அவளுக்கும் பேர் வெளியே வரக்கூடாது. எல்லோருக்கும் ஒவ்வொரு காரணம்.

மே 21, செவ்வாய்

கதிரேசன் தரையில் உட்கார்ந்து பூவோடு விளையாடிக்கொண்டிருந்தார். "சோபாவுல இருந்து டீவி வரைக்கும் வாரா பாரேன்! எப்ப இருந்து தவழுறா?"

"நேத்துலருந்து" என்றேன்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

நேற்று நான் என் ஆய்வேட்டையும் அவர் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒத்த வரிகளில் பச்சை ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தேன். இருநூறு தாள் கொண்ட கட்டு தீர்ந்துவிட்டது.

மே 30, வியாழன்

ஒரு சிக்கல்.

விழாக் கண்காட்சிக்காக லொரேன் பழைய ஊரின் சர்ச்சுக்குப் போய்வந்தாள். புத்தகத்தில் டேனியல் கோல்வின் பற்றிய அடிக்குறிப்பு இப்படி இருக்கிறது: 'சர்ச்சு ஞானஸ்நானப் பதிவேடு, 1811, பக்கம் 44.' அந்தப் பக்கத்தைப் படம் பிடிக்கப் போயிருக்கிறாள். அங்கே பதிவேடு 1830இலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தியதெல்லாம் தீயில் போய்விட்டது.

"அப்போ உங்க பேராசிரியர் எதைப் பாத்தார்? இந்தியாவுல ஒரு காப்பி இருக்குதா?" என்று கேட்டாள். அவள் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டாள். "இருக்கட்டும், மேடையிலேயே கேட்டுருதேன்."

மே 2 அன்று எழுதும்போது, ஏதோ பட்டியலில் பார்த்தேன் என்று நிறுத்திக்கொண்டேன். இன்று முழுசாக எழுதுகிறேன். அந்தப் பதிவேட்டை நான் பார்த்ததில்லை. அப்படி ஒன்று இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. ஆய்வேடு கொடுக்க நான்கு நாள் இருந்தது. அந்த வரிக்கு ஒரு ஆதாரம் வேண்டும்; ஞானஸ்நானம் என்றால் சர்ச்சு, சர்ச்சு என்றால் பதிவேடு, பதிவேடு என்றால் பக்கம் வேண்டும். நாற்பத்துநான்கு என்று போட்டேன். எங்கள் வீட்டுக் கதவு எண்.

இருபத்துமூன்று வயது. எல்லோரும் செய்தார்கள். இதை எழுதும்போதே இது நாகரத்தினம் சார் பேசும் பேச்சு மாதிரி இருக்கிறது.

இப்போதுகூட லொரேனிடம் முப்பத்தொன்றாம் கடிதத்தைக் கொடுத்து, அவருக்கு அனுப்பச் சொன்னால், அவர் அந்த அத்தியாயத்தையே பேசமாட்டார். யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். நானும் தப்பித்துக்கொள்வேன். அவரும்.

ஜூன் 3, திங்கள்

கொடுக்கவில்லை.

ஜூன் 8, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் முப்பத்தொன்றாம் கடிதத்தையும் என் பென்சில் நகலையும் லொரேன் மேசையில் வைத்தேன். பிறகு நீல ரெக்சின் ஆய்வேட்டைக் குழந்தை வண்டியின் அடித்தட்டில், டயப்பர்களுக்குக் கீழே வைத்துக்கொண்டு சமுதாயக் கூடத்துக்குப் போனோம். கதிரேசனும் வந்தார். அறுபது பேர் இருந்தார்கள். விழா மலர் முந்நூறு பிரதி மேசையில் அடுக்கியிருந்தது. முதல் பக்கத்திலேயே 'டேனியல் கோல்வினின் மகன்.'

நாகரத்தினம் சார் மகனோடு வந்து இறங்கினார். நீலக் கோட்டு. கைநுனியில் துணிக் கம்பெனிச் சீட்டு இன்னும் பிரிக்காமல் இருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அது நடிப்பில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அட, செண்பகவல்லி! நம்ம ஊருப் புள்ளையப் பாத்ததும்தான் மூச்சே வருது. இதாரு, குட்டியா? தாத்தாட்ட வாரியா?" பூவு அவரிடம் போய்விட்டாள். "இரும்மா, மறந்துருவேன்" என்று பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். "உங்கப்பா வீடு தேடி வந்து குடுத்தாரு. கடலைமிட்டாய், புள்ளைக்கு வசம்பு வளையல். கஸ்டம்ஸ்ல வசம்ப மோந்து பாத்துட்டு என்னை ஒரு மாதிரி பாத்தான். கைப்பையிலயே வச்சுப் பத்திரமாக் கொண்டாந்தேன்."

அப்பாவுக்கு நான் எதையும் சொன்னதில்லை. அவருக்கு இவர் 'உங்க சாரு'. வெயிலில் சைக்கிள் மிதித்துப் போயிருப்பார்.

பொட்டலத்தை வாங்கி வண்டியின் அடித்தட்டில் ஆய்வேட்டின்மேல் வைத்தேன். ஹன்னா டன்ஹாமின் விறகு நினைவுக்கு வந்தது. வரவேண்டாம் என்றேன், வந்தது.

நாற்பது நிமிடம் பேசினார். என் மூன்றாம் அத்தியாயத்தை. நான் காற்புள்ளி போட்ட இடத்தில் அவர் மூச்சு வாங்கினார். "டேனியல் என்ற நேர்மையான தந்தையின் நிழலில் வளர்ந்த மகன், நீதிக்காகவே ஒரு நகரத்தை எழுப்பினான்" என்று முடித்தார். கைதட்டினார்கள்.

லொரேன் எழுந்தாள். "ரெண்டு கேள்வி இருக்கு. முதல்ல, இது இன்னைக்குக் காலையில என் மேசைக்கு வந்த கடுதாசி." படித்தாள். அப்பன் ஈத்தன் படகேறிய இடம் வந்ததும் கூடத்தில் சலசலப்பு. விறகு வெட்டும் இடம் வரைக்கும் படித்தாள். "அப்போ டேனியல் யாரு?"

சார் தண்ணீர் குடித்தார். புதிய சான்றுகள் வரும்போது வரலாறு தன்னைத் திருத்திக்கொள்ளும் என்றார். அழகாகத்தான் சொன்னார். இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

"சரி, அடுத்தது. பக்கம் நாப்பத்துநாலு. நான் அந்தச் சர்ச்சுக்குப் போயிருந்தேன். 1811க்குப் பதிவேடே இல்ல. நீங்க பாத்தது எது?"

அவர் கண் கூடத்தைச் சுற்றி வந்து என்மேல் நின்றது. ஒரு கணம்தான். பிறகு அதே அன்பான சிரிப்பு.

"அந்தக் குறிப்பை எடுத்துத் தந்தது என் மாணவி ஒருவர். இளம் வயது, அவசரம். நான் நம்பிவிட்டேன். பிழை அவருடையது. அவரே இங்கு இருக்கிறார். வே. செண்பகவல்லி."

எட்டு வருடம். இந்த வேலையோடு சேர்த்து என் பெயரை அவர் வாயால் சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை. பிழைக்கு மட்டும் எனக்குப் பங்கு.

கதிரேசன் என் கையைப் பிடித்தார். உட்காரச் சொன்னாரா, எழுந்திருக்கச் சொன்னாரா, தெரியவில்லை. பூவை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

"பேராசிரியர் சொல்வது சரி. பிழை என்னுடையது. அந்தப் பக்கத்தை நான் பார்க்கவில்லை. ஒரு எண் வேண்டியிருந்தது, போட்டேன். ஏன் நாற்பத்துநான்கு என்று அவரைக் கேளுங்கள்."

லொரேன் அவரைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார்.

"அவருக்குத் தெரியாது. ஏனென்றால் அது கோவில்பட்டியில் என் அப்பா வீட்டுக் கதவு எண். அந்தப் பொய் என்னுடையது. அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கும் நூற்றிநாற்பது பக்கமும் என்னுடையது."

குனிந்து கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை ஒதுக்கி ஆய்வேட்டை எடுத்தேன். பச்சைத் தாள்கள் செதில் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. லொரேன் ஒரு கையில் அதையும் மறு கையில் புத்தகத்தையும் பிரித்து, மாற்றி மாற்றி இரண்டு வரி படித்தாள். பிறகு இன்னும் இரண்டு. பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். சார் கோட்டுக் கைநுனியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். சீட்டு அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது போலிருக்கிறது.

கார் நிறுத்துமிடத்தில் அவருடைய மகன் என்னைப் பார்க்காமல் வண்டிக் கதவைத் திறந்து பிடித்திருந்தான். சார் மட்டும் திரும்பி நடந்து வந்தார். கோபமாக இல்லை, களைத்திருந்தார்.

"தனியாக் கேட்டிருந்தா அடுத்த பதிப்புல போட்டிருப்பேனேம்மா."

"கேட்டேனே சார். வாய்க்கால்னு சொன்னீங்க."

அது அவருக்கு நினைவிருந்த மாதிரி தெரியவில்லை. "இப்ப என்னாச்சு? உன் பேரையும் சேத்துல்ல கெடுத்துக்கிட்டே."

"என் பேருதானே சார். கெட்டாலும் எங்கிட்டயே இருக்கட்டும்."

வீட்டுக்கு வரும் வழியில் கதிரேசன், "இதுக்குத்தான் இந்த ஊர்ல வீடு பாத்தியா?" என்றார்.

"காத்து நல்லா இருக்குன்னுதான்."

"தினம் ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓட்டுறேன் செம்பா." வண்டியின் கண்ணாடியை இறக்கிவிட்டார். "நல்ல காத்துதான்."

கடலைமிட்டாய் முழுவதையும் நானே தின்றுவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

லொரேன் வீட்டுக்கே வந்தாள். உட்காரவில்லை. என் பென்சில் நகலை நீட்டினாள். அதன் மேல் மூலையில் என் கையெழுத்தில் 'மே 2'.

"அஞ்சு வாரம். நான் முந்நூறு மலர் அடிச்சது உனக்குத் தெரியும். அதுல டேனியல் இருக்கான்னும் தெரியும்."

"தெரியும்."

"அந்தாளு திருடன். அது வேற. நீ என்னை ஏன் இதுல இழுத்தே? கேட்டிருந்தா நானே உன் கூட வந்து கத்தியிருப்பேனே."

மன்னிப்புக் கேட்டேன். சங்கத்துச் சாவியைத் திருப்பிக் கேட்டாள், கொடுத்தேன். வாசல் வரை போனவள், "செவ்வாய்க்கிழமைக்கு அடுத்த செவ்வாய் வா. பெட்டியைத் தொடக் கூடாது. திருத்தச் சீட்டு அடிக்கிறேன், முந்நூறும் நீதான் ஒட்டணும்" என்றாள்.

இந்த ஊரில் என்னோடு பேச இருந்தவள் அவள் ஒருத்திதான்.

ஜூன் 18, செவ்வாய்

முந்நூறு மலர், முந்நூறு சீட்டு. லொரேன் பஸ் ஓட்டப் போய்விட்டாள். பூவு மேசைக்கடியில் தவழ்ந்து பசைக்குச்சி மூடியைத் தேடிக் கொண்டு வந்தாள். இந்தத் தடவை பார்த்தேன்.

சீட்டில் அச்சிட்டிருப்பது இது: 'திருத்தம். ஜோசையா டன்ஹாம் கோல்வினின் தந்தை டேனியல் அல்லர்; ஈத்தன். இப்பிழையையும், பேராசிரியர் நாகரத்தினத்தின் நூலில் பெயரின்றி வெளியான ஆய்வையும் செய்தவர் வே. செண்பகவல்லி (2016).'

கல்லூரி வாசலில் பிளெக்ஸைக் கழற்றிவிட்டார்களாம். ஜெபக்கனி சொன்னாள். கம்பு மட்டும் நிற்கிறதாம். போட்டோ அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டிக்னியின் சன்னலில் மணிக்கூண்டு இல்லாத இடம் இப்படித்தான் இருந்திருக்கும். ஒருநாள் முழுக்க இனிக்கும் என்று நினைத்திருந்தேன். பூவுக்குக் கஞ்சி ஆற்றும் நேரம் வரைக்கும் இனித்தது.

ஜூன் 30, ஞாயிறு

சீட்டைப் படம் எடுத்து, எதுவும் எழுதாமல், அப்பாவின் போனுக்கு அனுப்பியிருந்தேன். ஏன் அனுப்பினேன் என்று தெரியவில்லை.

இன்று அம்மா வீடியோவில் வந்தாள். பின்னால் சுவரில், சாமி படங்களுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று, கண்ணாடி போட்டு, ஓரத்தில் தங்க நிறச் சட்டத்தோடு.

"உங்கப்பா பிரேம் போட்டுட்டாரு தாயி. பெருசாக்கிப் பிரிண்ட் எடுத்து, தீப்பெட்டி ஆபீஸ்ல எல்லாருக்கும் காமிச்சிட்டுல்ல மாட்டுனாரு."

அப்பா போனை வாங்கிச் சட்டத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. என் பெயரை மட்டும் எழுத்துக்கூட்டுவார். விரலை வைத்துக் காட்டினார். "இந்தா, வே. இது நானு. அப்புறம் நீயி. அமெரிக்காக்காரன் அச்சடிச்சிருக்காம்லா. மேல இதென்னமோ பெருசாப் போட்டிருக்கே, அது என்னம்மா?"

"தலைப்புப்பா" என்றேன்.

"உங்க சாருக்குப் போன் போட்டேன். எடுக்கல. வந்தவுடனே வீட்டுக்குக் கூட்டியாந்து காட்டணும். அவரு இல்லாம இது உண்டா?"

அவர் போனைத் திருப்பும்போது வாசல் நிலையில் எண் தெரிந்தது. புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். நாற்பத்துநான்கு.